இரண்டே முக்கால் சென்ட் காடு

உச்சிமாகாளிக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தாருக்குச் சப்பென்று போய்விட்டது. மகன் தங்கப்பாண்டியன் தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் லீவு போட்டிருந்தான். உச்சிமாகாளியின் மனைவி ஆறுமுகத்தாய் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்துக்கிடந்ததற்கு ஒரு சின்ன நோயாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தவர்களிடம், "மனசுதான் சோர்ந்து கெடக்கு" என்றார் டாக்டர்.

"மனசா?" என்று தங்கப்பாண்டியன் சந்தேகமாகக் கேட்டான். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் அந்த உறுப்பில் சீக்கு வந்ததில்லை.

"வீட்டுக்குப் பின்னால எடம் கெடக்கா? அப்ப ஒரு தோட்டம் போடச் சொல்லுங்க. தெனமும் மண்ணுல கை வச்சா எல்லாம் சரியாயிரும்."

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த உச்சிமாகாளி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருட்டென்று வெளியே போய்விட்டார். கோவில்பட்டிக்கு வந்த ஏழு மாதத்தில் அவர் காட்டிய முதல் சுறுசுறுப்பு அது. மருந்து உடனே வேலை செய்கிறது என்று டாக்டர் மகிழ்ந்திருக்கக்கூடும். உண்மையில் அந்த மனிதர் அவமானப்பட்டிருந்தார்.

விஷயம் இதுதான். விளாத்திகுளத்துக்குத் தெற்கே அவர் பிறந்து வளர்ந்த சின்னூரணிபட்டியில் தோட்டம் என்றால் கிணறு உள்ள நிலம். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி, பயிரைப் பால்குடிப் பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கி வளர்க்கிறவர்கள் வைத்திருப்பது. உச்சிமாகாளி வைத்திருந்தது காடு. மரமும் மிருகமும் உள்ள காடு அல்ல. மழையை மட்டும் நம்பி உழுகிற கரிசல் புஞ்சைக்கு அங்கே அதுதான் பெயர். நாற்பத்தைந்து வருஷம் அவர் வானத்தைத் தவிர வேறு யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. வானம் கொடுத்த வருஷம் பருத்தியும் மிளகாயும் விளைந்தன. கொடுக்காத வருஷம் வானத்தைக் கெட்ட வார்த்தையில் வைதுவிட்டு மறு வருஷம் மறுபடியும் விதைத்தார். இரண்டு பேருக்கும் இடையே ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதைக்கு ஒரு அத்தாட்சியும் இருந்தது. எழுபத்துநாலாம் வருஷப் பஞ்சத்தில் சுற்றுவட்டாரத்து மிளகாய்ச் செடியெல்லாம் சருகாக நின்றபோது, ரோட்டோரம் இருந்த அவருடைய பத்து சென்ட் மிளகாய் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தார். அது முதற்கொண்டு சின்னூரணிபட்டியில் புரட்டாசி விதைப்புக்கு முதல் விதை உச்சிமாகாளி கையால்தான் விழவேண்டும் என்று ஆகிவிட்டது. கூப்பிடுகிற காட்டுக்கெல்லாம் போய்ப் பிடி விதை தூவி, கைராசிக்காரர் என்று பெயர் வாங்கி, எட்டு வருஷம் கால் தரையில் பாவாமல் நடந்தார்.

அப்புறம் ஒருநாள் களை வெட்டும்போது மயங்கி விழுந்தார். தங்கப்பாண்டியன் வந்து, காட்டை அத்தை மகன் சங்கிலிப்பாண்டியிடம் குத்தகைக்கு விட்டு, அப்பாவையும் அம்மாவையும் கோவில்பட்டிக்கு ஏற்றிவந்துவிட்டான். ரயில் லைனுக்குக் கிழக்கே புதிதாக முளைத்த தெருவில் மகனும் மருமகளும் இருக்கிற வீடு. உச்சிமாகாளி சுவரைப் பார்த்துப் படுத்தார். கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டி என்று சத்தத்தை வைத்தே எண்ணினார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், சொல்லாவிட்டால் இல்லை.

ஆறுமுகத்தாய்க்கு அந்தத் தெரு சொர்க்கமாக இருந்தது. நாலு நாளைக்கு ஒருதரம் வாசலில் இருந்து இருபதாவது அடியில் குழாயில் தண்ணீர் வரும். சண்டை உண்டு, வரிசை உண்டு, சில நாள் காற்றும் வரும். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து ஊருணிக்கும் வீட்டுக்குமாக முக்கால் மைல் குடம் சுமந்தவளுக்கு அது போதும். முதல்நாள் குழாயடியில் குடம் நிறைந்ததும் அவள் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைத் தெருவே பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உச்சிமாகாளி கொல்லைப்புறத்தில் போய் நின்றார். மண்ணை அள்ளி முகர்ந்தார். சுத்தமான கரிசல். "ஏட்டி" என்று கூப்பிட்டார்.

"என்னங்க?"

"தோட்டம் கீட்டம்னு எவனும் எங்கிட்டப் பேசப்பிடாது. நான் இங்கன காடு போடுதேன். தை கடைசி வரைக்கும் பாப்பேன். வானத்தப் பாத்து வெளஞ்சுச்சுன்னா இந்த மண்ணு என்னைய ஏத்துக்கிட்டுன்னு அர்த்தம், இருந்துக்கிடுதேன். இல்லன்னா மாசி ஒண்ணாந் தேதி ஊருக்கு பஸ் ஏறிருவேன். நீயும் வாரே."

கடைசி இரண்டு சொற்களைக் கேட்டதும் ஆறுமுகத்தாய் இடுப்பில் இருந்த குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காட்டின் பரப்பு இரண்டே முக்கால் சென்ட். ஏர் பூட்ட ஆசைப்பட்டு விசாரித்ததில், மாடு உள்ளே வந்தால் திரும்புவதற்குப் பக்கத்து வீட்டுக்குள் போய்வர வேண்டியிருக்கும் என்று தெரிந்து, மண்வெட்டியால் கொத்தினார். புரட்டாசி கடைசியில் ஒரு மழை விழுந்தது. ஈரம் கண்டதும் பருத்தி, மிளகாய், ஊடே உளுந்து, ஓரத்தில் ஒரு வெள்ளரிக் கொடி என்று முறைப்படி விதைத்தார்.

காடு என்றால் காட்டுக்குரிய ஒழுங்குகள் உண்டு. அடுப்பங்கரை வழியாகக் காட்டுக்குப் போவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. ஆகவே அவர் தினமும் காலையில் தலையில் துண்டைக் கட்டி, களைக்கொத்தியைத் தோளில் வைத்து, வாசல் வழியாக இறங்கித் தெருவைச் சுற்றிவந்து பின்பக்கப் படலைத் திறந்து உள்ளே போனார். எதிரே யாராவது "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "காட்டுக்கு" என்பார். மத்தியானம் ஆறுமுகத்தாய் கஞ்சி கொண்டுவர வேண்டும். அடுப்பங்கரைக் கதவிலிருந்து காடு பதினோரு எட்டு. அவளும் ஒரு தூக்குவாளியில் கம்மங்கஞ்சியும் இன்னொன்றில் தாகத்துக்கு நீச்சத்தண்ணியும் எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றித்தான் வந்தாள். கஞ்சி குடித்துவிட்டு, சுவர் நிழலில் துண்டை விரித்து அவர் கண்ணயர்வார். காட்டில் அதுதான் முறை.

இந்த ஒழுங்கு அவருக்குத் தெம்பு தந்தது. கார்த்திகையில் மழை பொய்த்தபோது அந்தத் தெம்பு இன்னும் கூடியது. பழைய எதிரியை நேருக்கு நேர் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கோபாலசாமிக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றங்கரைக்காரர். முப்பது வருஷம் கால்வாய் மடை திறந்து மூடுகிற உத்தியோகம் பார்த்தவர். ஓய்வுபெற்று மகள் வீட்டில் ஏழு ரோஜாச் செடி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பூவாளியால் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை.

"அண்ணாச்சி, செடி வாடுதே. ஒரு செம்பு தண்ணி விட்டா என்ன கொறஞ்சா போவீங்க?" என்று மதில் வழியே கேட்டார்.

"தண்ணி விட்டு வளத்தா அது பயிரா? வீட்டோட மாப்பிள்ளைல்லா."

"அப்ப என் ரோசா?"

"அது ஆஸ்பத்திரியில கெடக்க நோயாளி. நீரு ஒருநாள் மகன் வீட்டுக்குப் போனீருன்னா போய்ச் சேந்துரும்."

"மழையில்லாம எப்படித்தான் வெளையும்?"

"கரிசலப் பத்தி ஒமக்கு என்னவே தெரியும்? குடிச்ச தண்ணிய அடிவயித்துல சேத்து வச்சுக்கிட்டு, கேக்கவன் கேட்டாத்தான் குடுக்கும்."

மார்கழியில் மண் வெடித்தது. கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்புகள் ஓடின. வெளியூரில் பருத்தி காய்ந்ததாகவும் மிளகாய் கருகியதாகவும் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். உச்சிமாகாளியின் காட்டில் மட்டும் பருத்தி தோள் உயரம் வந்து மஞ்சள் பூ விட்டது. மிளகாய் குனிந்து காய்த்தது. வெள்ளரி மதிலேறிக் கோபாலசாமி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

எண்பத்திரண்டின் பஞ்சத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தெரு திரண்டுவந்து பார்த்தது. உச்சிமாகாளி படலடியில் நின்று மண்ணின் குணம், விதையின் குணம், முக்கியமாகக் கையின் குணம் பற்றி விளக்கினார். குழாயடியில் அடித்துக்கொள்கிற பெண்களிடம், "தண்ணி தண்ணின்னு அலையுதீங்களே, என் செடியப் பாருங்க" என்று புத்தி சொன்னார். அவர்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டார். கூட்ஸ் வண்டி போனால் எண்ணுவதை விட்டுவிட்டார். ஒருநாள் மருமகளிடம், "நம்ம வீட்டுல" என்று ஏதோ ஆரம்பித்தார். அதுவரை அவர் அதை, "உங்க வீட்டுல" என்றுதான் சொல்லிவந்தார். அடுப்பங்கரையில் இருந்த ஆறுமுகத்தாய் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் கேட்காதவள் மாதிரி அரிசி புடைத்தாள்.

தை இருபத்தேழாம் தேதி மத்தியானம், மிளகாய்ச் செடிக்கு அருகே குனிந்தபோது மடியில் இருந்த பொடி டப்பா நழுவி ஒரு வெடிப்புக்குள் விழுந்தது. பித்தளை டப்பா, மாமனார் கொடுத்தது. உச்சிமாகாளி மண்டியிட்டுக் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போயிற்று. டப்பா சிக்கியது. வெளியே எடுத்தார்.

கை முழுக்கச் சகதி.

பக்கத்து வெடிப்பில் கையை விட்டார். அங்கும் சகதி. ஓரத்துப் பருத்தியடியில் விட்டார். அங்கும். மேலே புழுதி பறக்கிற மண், அடியில் நாற்றங்கால் மாதிரிக் குழைந்து கிடந்தது. கையை முகத்தருகே கொண்டுபோனார். விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கம்மஞ்சோற்றுப் பருக்கை.

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் காட்டிலிருந்து அடுப்பங்கரை வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏட்டி, இது என்ன?"

"பொடி டப்பா" என்றாள் ஆறுமுகத்தாய்.

"டப்பாவச் சுத்தி?"

"சகதி."

"கார்த்தியல்ல இருந்து ஒரு பொட்டு மழையில்ல. சகதி எங்கன இருந்து வந்துச்சு?"

"கரிசல்லா? அடிவயித்துல சேத்து வச்சிருக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க."

"கம்மஞ்சோத்தையுமா சேத்து வச்சிருக்கும்?"

ஆறுமுகத்தாய் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். மறைக்க வழியில்லை. கஞ்சி குடித்ததும் படுத்துவிடுகிற அவர் ஒருநாளும் திறந்து பார்க்காத இரண்டாவது தூக்குவாளியில் தினமும் வந்தது நீச்சத்தண்ணி இல்லை. அரிசி களைந்தது, சோறு வடித்தது, சட்டி கழுவியது எல்லாம் அதில்தான் வந்தது. அவர் துண்டை விரித்துக் கண்ணயர்ந்ததும், வெடிப்புக்குள் வாளியைச் சரித்து, மேல்மண் நனையாமல் ஊற்றினாள். அவர் போட்ட ஒழுங்கின்படியே, அவர் கண் முன்னாலேயே, அவருடைய குறட்டையைக் காவல் வைத்து நடந்த காரியம்.

சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே கோபாலசாமியின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, அக்காள வையாதீங்க. அவுங்க வச்சிருக்கது பத்தாம நானுந்தான் வாரத்துக்கு ரெண்டு கொடம் குடுத்தேன்."

"நீருமாவே?"

"நான் மட்டுமில்ல. எதுத்த வீட்டு இசக்கியம்மா, மூணாவது வீட்டு பெத்தம்மா..." ஆள் பெயரைச் சொல்லச் சொல்லத் தன் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டார் கோபாலசாமி.

தலைப்பால் வாயை மூடிய பெண்கள் ஒவ்வொருவராக உச்சிமாகாளியின் கண்முன் வந்து போனார்கள். ஆற்றுப் பாசனத்தான் கொடுத்த குழாய்த் தண்ணீர் தன் பருத்திக்குள் ஏறி மஞ்சளாகப் பூத்திருந்தது. விஷம் வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. விஷம் வைக்கிறவன் நம்மை ஒரு ஆளாக மதித்து வைக்கிறான்.

"நாப்பத்தஞ்சு வருசம்டி" என்றார். "எவன்கிட்டயும் ஒரு செம்பு தண்ணி கேக்காம வெளைய வச்சவன் நான். எழுவத்துநாலுல ஊரே காஞ்சு கெடக்கையில..."

"எழுவத்துநாலப் பத்திப் பேசாதீங்க."

"ஏன் பேசப்பிடாது?"

ஆறுமுகத்தாய் கீழே வைத்த முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். சொல்லக்கூடாது என்று எட்டு வருஷம் வைத்திருந்த சொல் அது. ஆனால் அவரும் விடவில்லை. "ஏன் பேசப்பிடாதுங்கேன்? சொல்லு!"

"தைப்பூசத்துக்குக் கழுகுமலைக்குப் போயி மூணு நாள் இருந்துட்டு வந்தீங்கள்லா? அந்த மூணு நாளும் நானும் எங்க அக்கா சொர்ணத்தாயும் சொமந்தோம். ஊருணி வத்திப்போயி, ஊத்துத் தோண்டி, செரட்டையில கோரி. செடிக்கு அரைச் செம்பு. அக்காளுக்கு அன்னைக்குப் போன இடுப்பு இன்னும் நேராவல."

உச்சிமாகாளி பொடி டப்பாவை வேட்டியில் துடைத்தார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"திரும்பி வந்து செடியப் பாத்துட்டுச் சிரிச்சீங்க. கல்யாணமாயி அப்பிடி நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்னத்தச் சொல்லச் சொல்லுதீங்க?"

அவர் மஞ்சள் பையில் இரண்டு வேட்டியும் பொடி டப்பாவும் வைத்தார். மாசி பிறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது; ஆனாலும் துரோகத்துக்குத் தவணை கிடையாது என்று கிளம்பிவிட்டார். "நீயும் வாரே" என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் வண்டி வந்து நின்றது. ஏறுவதற்குப் படியில் கால் வைத்தவரின் மேல் முட்டிக்கொண்டு இறங்கினான், காட்டைக் குத்தகைக்கு எடுத்த சங்கிலிப்பாண்டி.

"எய்யா மாமா! ஒங்களத்தான் பாக்க வாரேன். இந்த வருசம் ஊர்ல ஒண்ணும் தேறல. நீங்க விதை போடாததுதான் காரணம்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ. வார பொரட்டாசிக்குக் கட்டாயம் நீங்க வந்து மொத விதை போடணும்னு சொல்லிவிட்டாவ."

உச்சிமாகாளி படியிலிருந்து காலை எடுத்தார். போகப்போகிற ஊர் அப்போதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஒவ்வொரு காட்டிலும் விதைப்பெட்டியோடு அவருக்காக ஆள் நிற்கும். ஒவ்வொரு பிடி விதைக்கும் சொர்ணத்தாயின் இடுப்பு ஞாபகம் வரும்.

"மருமகனே, என் கை நல்ல கை இல்ல" என்றார். "ஒங்க அத்தயக் கூட்டிட்டுப் போ. எழுவத்துநாலுல வெளஞ்சது அவ கையிலதான்."

சங்கிலிப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, டவுனுக்கு வந்து நல்லா நக்கல் படிச்சிருக்கீங்க!"

இரண்டாம் முறை சொல்ல வாய் எடுத்தார். வரவில்லை. நம்மைப் பார்க்க வந்தவனை நடுரோட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிற பழக்கம் அவர்கள் வம்சத்தில் கிடையாது. மஞ்சள் பையோடு வீட்டுக்குத் திரும்பினார்.

ஆறுமுகத்தாய் இருவருக்கும் சோறு போட்டாள். பையை ஒருதரம் பார்த்தாள், கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் சங்கிலிப்பாண்டி பின்பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா! மழையே இல்லாமயா இப்பிடி நிக்கிது?"

வாசற்படியில் ஆறுமுகத்தாய் நின்றாள். மதிலுக்கு அந்தப்புறம் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பூவாளிச் சத்தம் நின்றது. உச்சிமாகாளி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அவர் துழாவிய வெடிப்பின் வாயில் கையோடு வெளியே வந்த சகதி இன்னும் கருகருவென்று ஈரமாகக் கிடந்தது. சங்கிலிப்பாண்டி மிளகாயைத் தடவிப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம்தான் வந்தான்.

உச்சிமாகாளி இரண்டு எட்டு முன்னால் வைத்தார். காலால் புழுதியைத் தள்ளி ஈரத்தை மூடி, அதன் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"கரிசல்லா?" என்றார். "சேத்து வச்சிருக்கும்."

சங்கிலிப்பாண்டி ஒரு மடி மிளகாயோடு சாயங்கால பஸ்ஸுக்குப் போனான். அதற்கப்புறம் நாலு நாள் உச்சிமாகாளி மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னிப்பு என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்தும் எழவில்லை. கோபாலசாமி மதில் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மாசி ஒன்று வந்தது, போனது; பஸ்ஸும் போனது. செடிகள் வெடிப்பு வாயைப் பார்த்துக்கொண்டு லேசாகத் தலையைத் தொங்கப்போட்டன. அதையும் அவர் படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை இறக்கி வைத்துவிட்டு ஆறுமுகத்தாய் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கஞ்சி இங்கனயே குடிக்கீங்களா, காட்டுக்குக் கொண்டாரவா?"

சுவரிடம் சொல்வதுபோல, "காட்டுக்குக் கொண்டா" என்றார்.

"ஒரு வாளியா, ரெண்டு வாளியா?"

உச்சிமாகாளி எழுந்தார். துண்டைத் தலையில் கட்டினார். களைக்கொத்தியை எடுத்துத் தோளில் வைத்தார். அடுப்பங்கரைக் கதவு திறந்துதான் கிடந்தது. பதினோரு எட்டில் காடு. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல், வாசல் வழியாக இறங்கித் தெருவைச் சுற்றி நடந்தார்.